கார்டு ஐயா விட்ட தயிர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களைத் தள்ளிவிட்டேன். தாளை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மடித்து வைத்துவிடுவேன். எனக்குப் பயம் இரண்டு. நேர்த்திக்கடனைக் குறை சொல்லுகிறான் என்று பக்தியுள்ளவர்கள் நினைத்துவிடக் கூடாது. விளக்கேற்றிக் கும்பிடாமல் நானும் காப்பி குடித்ததில்லை. இன்னொன்று, இதைப் படித்துவிட்டு யாராவது தயிர் சாப்பிட்டால் பக்கவாதம் போய்விடும் என்று கிளம்பிவிடக் கூடாது.

ஆனால் போன மாதம் ஐதராபாத் மல்காஜ்கிரியில் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்குப் பக்கத்து இலைக்காரர் இதே கதையை எனக்கே சொன்னார். கண்ணால் பார்த்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது. ஆளை மாற்றி, நோயை மாற்றி, முக்கியமான இடத்தில் ஒரு வார்த்தையையும் மாற்றிச் சொன்னார். பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டேன். வயதும் ஆகிவிட்டது, என் முழங்காலும் இப்போது மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. இனியும் தள்ளிப் போட்டால் அந்தப் பொய்தான் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் கார்டு ஐயா. மாயவரம் பக்கத்துக்காரர், சுத்த சைவம். மல்காஜ்கிரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் அவரும், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும் இருந்தார்கள். நான் அரக்கோணத்திலிருந்து வந்து ரயில்வே ஒர்க் ஷாப்பில் பெட்டிகளுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தவன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. மொட்டை மாடியில் நின்றால் மௌலா அலி மலை தெரியும். சாயங்காலங்களில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் பேசுவோம். அதாவது, நான் பேசுவேன். அவர் பேச்சையும் பாதி விட்டவர்.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே சொல்தான் உண்டு. ‘விட்டாச்சு.’

காசிக்கும் கயைக்கும் போனவர்கள், பித்ருக்களுக்குப் பிண்டம் வைத்த பிறகு, பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று, இலை ஒன்று விட்டுவிட்டு வருவார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். அதன் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடமாட்டார்கள். எல்லோரும் வாழ்நாளில் ஒரு தடவை போவார்கள், ஒரு தடவை விடுவார்கள். கார்டு ஐயாவுக்கோ ரயில்வே பாஸ் இருந்தது. அப்பாவுக்காகப் போனார், அம்மாவுக்காகப் போனார், பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்காகப் போனார், மகள் பிரசவத்துக்காகப் போனார். காசி, பூரி, ராமேஸ்வரம், எங்கே போனாலும் திரும்பி வரும்போது தட்டில் ஒன்று குறைந்திருக்கும்.

என் மகளுக்குக் காது குத்திய அன்று அவரைப் பந்தியில் உட்கார வைத்தேன். என் மச்சான் பரிமாறினான்.

“ஐயா, வாழைக்காய் வறுவல்?”

“விட்டாச்சு.”

“அவரைக்காய்ப் பொரியல்?”

“விட்டாச்சு தம்பி.”

“பூசணிக்காய் கூட்டு நல்லா வந்திருக்குது ஐயா.”

“நல்லா இருக்கும். விட்டாச்சு.”

மச்சான் வாளியோடு நிமிர்ந்தான். “ஐயா, உப்பாவது வைக்கலாமா?”

அவர் சிரிக்காமல் சொன்னார்: “வை. உப்பை இன்னும் விடலை.”

பந்தியே சிரித்தது. பெண்கள் வரிசையிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. அந்தக் காலத்தில் அவர் பேச ஆரம்பித்தால் கூட்ஸ் வண்டி மாதிரி, முடியாது. “கேட்டியா தம்பி! இவர் பாஸுக்கு ஒரு காயா தொலைச்சுட்டு வர்றார். காயெல்லாம் தீர்ந்துபோச்சுன்னா, ஒருநாள் என்னையும் அங்கேயே விட்டுட்டு வந்து, விட்டாச்சுன்னு கை கழுவிடுவார், பாரு!”

“நீங்க எதை விட்டீங்க பெரியம்மா?” என்று என் மனைவி கேட்டாள்.

“பாகற்காயை விட்டேன். எனக்கு அது எந்தக் காலத்துலயும் பிடிக்காது.”

அதற்குத்தான் கார்டு ஐயா இலையிலிருந்து தலையைத் தூக்கினார். “சாமி என்ன, காய்கறிக்காரியா? நமக்கு வேண்டாத சொத்தையெல்லாம் அவர் கூடையில தள்ளிவிட? பிடிச்சதைக் கொடுத்தாத்தான் கொடுத்தது.”

தெருப் பிள்ளைகள் அவருக்கு ‘சோட்தியா தாத்தா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விட்டுவிட்டேன் என்பதற்கு இங்கத்து இந்தி. மிட்டாய் வேணுமா தாத்தா என்று நீட்டிவிட்டு, அவர் வாயைத் திறக்கும் முன்பே ‘சோட் தியா!’ என்று கத்திக்கொண்டு ஓடும். அவருக்குக் கோபம் வராது. கோபத்தைத்தான் எப்போதோ பூரியில் விட்டுவிட்டாராமே. அதையும் பெரியம்மாதான் சொன்னார், அது மட்டும் பாதிதான் போச்சு என்று.

அந்தப் பேச்செல்லாம் ஒரே காலையில் நின்றது. கோலம் போடக் குனிந்த பெரியம்மா அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், வாய், மூன்றும் போயிற்று. ரயில்வே ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கார்டு ஐயாவைப் பார்த்தவர்கள்தான் அவரைப் பார்த்தவர்கள். கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது, குளிப்பாட்டுவது, புடவை சுற்றுவது, தலை பின்னுவது, எல்லாம் அவர். என் மனைவி உதவிக்குப் போனால் சமையற்கட்டோடு நிறுத்துவார். “அவளுக்கு வெக்கமா இருக்கும்மா. என்னைத் தவிர யாரும் தொட வேண்டாம்.” மகன் வடக்கே பிலாயில் இருந்தான், மகள் திருச்சியில். மகன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “உங்க கையில தெம்பு இருக்கிற வரைக்கும் சரிப்பா. அது போச்சுன்னா அம்மா என்கிட்ட, நீங்க அக்காகிட்ட. ரெண்டு பேரையும் ஒரே குவார்ட்டர்ஸ்ல வெச்சுப் பாக்க என்னால முடியாது.” கெட்ட பிள்ளை இல்லை. நிலைமையைச் சொன்னான்.

ஆக, எல்லாம் அவருடைய இரண்டு கையில் இருந்தது. அந்தக் கை பெரியம்மாவைத் தூக்கும் வரையில் இருவரும் ஒரு கூரையின் கீழ். தூக்காத அன்று, ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே.

பாஸ் எடுத்துக்கொண்டு இனிமேல் எங்கேயும் போக முடியாது. அதனால் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னாலேயே விட ஆரம்பித்தார். முதலில் தயிரும் மோரும். மாயவரத்துக்காரர் மோரை விடுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பெரியம்மாவின் விரல் அசைந்தது. பிறகு கை மடங்கியது. அடுத்தது கீரை வகை முழுவதும். பெரியம்மாவுக்கு ஒன்றிரண்டு வார்த்தை வந்தது. அதற்கடுத்தது பருப்பும் பயறும். கால் மட்டும் வரவில்லை. இதெல்லாம் எதற்காக என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. விடுவது அவர் சுபாவம் என்றுதான் நினைத்தோம்.

இதெல்லாம் போக என்ன மிச்சம்? வெள்ளைச் சோறு, பருப்பில்லாத ரசம், உருளைக்கிழங்கு, ஈரானி ஓட்டல் பன், சர்க்கரை போட்ட டீ. அதுவே காலை, அதுவே மத்தியானம், அதுவே ராத்திரி. பெரியம்மாவுக்கு மட்டும் எல்லாம் செய்வார். கீரையை மசித்து, பருப்பு கரைத்து, தயிர் பிசைந்து ஊட்டுவார். தான் ஒரு பன்னை டீயில் தோய்த்துக்கொள்வார்.

வாசலில் கூடைக்காரம்மா தெலுங்கில் கூவுவாள். “பெத்தாயனா, தோட்டகூரா! லேத்தகா உந்தி, தீஸ்கோண்டி!” கீரை இளசாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் பெரியவரே என்று. அவர் ஒரு கட்டு வாங்குவார். முகர்ந்து பார்ப்பார். அந்த முகர்தலை நான் பார்த்திருக்கிறேன். சாமி குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியிருக்கும். முதலில் அவர் வயிறு கெட்டது. நாலு நாள் கட்டும், நாலு நாள் போகும். ஆள் இளைத்தார், ஆனால் வயிறு மட்டும் உப்பியிருந்தது. பிறகு விரல் முட்டிகள் வீங்கின. காலையில் எழுந்தால் மூடிய கை திறக்காது, வெந்நீரில் முக்கி முக்கித் திறப்பார். முழங்கால் சூடாக இருக்கும். பெரியம்மாவைத் தூக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் எங்கள் போர்ஷன் வரை கேட்கிறது என்று என் மனைவி சொன்னாள்.

“இன்னாங்க, டாக்டரம்மாகிட்ட இட்டுனு போங்க. கேக்கமாட்டார், இழுத்துனு போங்க.”

இழுத்துக்கொண்டுதான் போனேன். ஸ்டேஷன் ரோட்டில் ஒரு முஸ்லிம் டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். எங்கள் தெரு முழுவதும் அவரிடம்தான் போகும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஊசியை விடப் பேச்சால் அதிகம் குத்துவார். அவர் ஐதராபாத் இந்தியில் கேட்க, இவர் ரயில் இந்தியில் பதில் சொன்னார்.

“க்யா காதே ஆப்?” என்ன சாப்பிடுகிறீர்கள்?

“சாவல்.” சோறு.

“ஔர்?” வேறென்ன?

“பன். சாய்.” சாய் என்றால் டீ.

“தஹி?” தயிரைக் கேட்டார்.

“சோட் தியா.”

“பாஜி?” கீரை.

“சோட் தியா.”

“தால்?” பருப்பு.

“சோட் தியா.”

டாக்டரம்மா பேனாவை மேசையில் போட்டார். “கைக்கு?” ஏன் என்று அவர் கேட்ட விதத்தில் வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று நான்தான் சொன்னேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் அவர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிப் பேசினார். எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன். நம் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றனவாம். கிருமி என்றால் எல்லாம் கெட்டதில்லை. நாம் சாப்பிடுகிற கீரையின் நார், பருப்பின் தோல், நமக்குச் செரிக்காத மிச்சம், அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதற்குப் பதிலாக அவை குடலைக் காவல் காக்கின்றன. வயதாக ஆக அந்தக் கூட்டம் தானே சுருங்கும். அப்போது போய் வெறும் சோறும் பன்னும் சர்க்கரையும் போட்டால் நல்லதெல்லாம் பட்டினியில் போய்விடும், காவல் இல்லாத வீடாகிவிடும். உடம்புக்குள் ஒரு சின்ன நெருப்பு, எரியவும் எரியாது, அணையவும் அணையாது, புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகைச்சல் முட்டியில் வீக்கமாக வரலாம்.

“வரலாம்னுதான் சொல்றேன்,” என்றார். “இந்தக் கை அதனாலதான் வீங்குச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன். படிச்சவங்களே இன்னும் முழுசா கண்டுபிடிக்கலை. வீக்கத்துக்கு மாத்திரை தரேன். ஆனா இந்த வயசுல இது சாப்பாடே இல்லை. இப்படியே போனா அம்மாவைத் தூக்கமுடியாது. தயிர்ல ஆரம்பிங்க.”

“முடியாதும்மா.”

“எங்க ரோஜா நோன்புலகூட நோயாளிக்கு விலக்கு உண்டு. அல்லா கணக்கு வெச்சுக்கறதில்லை.”

“உங்க சாமி விட்டுக்கொடுப்பார். நான் கொடுத்தது வாக்கு.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஹவ், ஆமா, வாக்குக் கொடுத்தது நீங்க. உள்ள இருக்கிற அத்தனை ஜீவன் கொடுத்துச்சா? அதுங்களைக் கேட்டா பட்டினி போட்டீங்க?”

கார்டு ஐயாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எறும்புப் புற்றுக்கு அரிசி நொய் போடுகிறவர் அவர். அந்தப் பேச்சோடு எழுந்துவிட்டார்.

திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், வண்டிச் சத்தத்துக்குள்ளேயே பேசினார். நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“தயிர் அவ கைக்கு, தம்பி. கீரை அவ பேச்சுக்கு. பருப்பு அவ காலுக்கு. கை வந்துச்சா? பேச்சு கொஞ்சம் வந்துச்சா? சாமி கொடுத்தார், வாங்கிக்கிட்டார். இப்ப நான் போய்த் தயிரைத் திருப்பிக் கொடுன்னா, அவர் எதைத் திருப்பி எடுத்துப்பார்?”

பக்கவாதம் வந்தவர்களுக்கு முதல் வருஷத்தில் தானே கொஞ்சம் தேறும் என்று ஒர்க் ஷாப்பில் ஒருவர் சொன்னார். அதைக் கொண்டுபோய் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தானே நினைத்திருப்பேன்.

தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் போய் யோசனை கேட்டேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இதுல என்ன இருக்கு? நைவேத்தியம் பண்ணிட்டா அது தயிர்சாதம் இல்லை, பிரசாதம். பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல எந்த விரதத்துக்கும் அதிகாரம் கிடையாது. கொண்டு போய்க் கொடும்.”

எனக்கு ஏக சந்தோஷம். என் மனைவி தயிர்சாதம் செய்தாள், பிள்ளையாருக்குப் படைத்தோம், தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். கார்டு ஐயா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரே ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். மீதியைப் பெரியம்மாவுக்கு ஊட்டிவிட்டு, தூக்கைக் கழுவிக் கொடுத்தார்.

“பிரசாதம்னா ஒரு பருக்கை போதும் தம்பி. வயித்தை ரொப்பிக்கிட்டா அதுக்குப் பேரு வேற.” பிறகு, நான் வாசலைத் தாண்டுவதற்குள், “குருக்கள்கிட்ட சொல்லு, கெட்டிக்காரர்னு,” என்றார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நடந்தது. பக்கத்துப் போர்ஷனில் நாற்காலி உருளுகிற சத்தம். நானும் மனைவியும் ஓடினோம். இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், கட்டிலுக்குச் சாய்ந்துகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. தூக்கும்போது கார்டு ஐயாவின் விரல்கள் பிடியை விட்டுவிட்டன. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. பெரியம்மாவுக்கு வாயின் ஒரு பக்கம் சிரிப்பு. கார்டு ஐயா தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் பெரியம்மாவைத் தொட்டுத் தூக்கினோம். அவர் தடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வந்துவிட்டான். அம்மாவைப் பிலாய்க்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துகொண்டுதான் வந்திருந்தான். அன்று மத்தியானம் எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு. சோறு, கீரை மசியல், ஒரு கிண்ணத்தில் தயிர். கார்டு ஐயாவுக்குத் தனியாக ரசம்.

மகன் தட்டின் முன் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னான். “நாளைக்கு வண்டி. அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். அக்கா புதன்கிழமை வந்து உங்களை அழைச்சுட்டுப் போவா.”

கார்டு ஐயா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதையும் விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது பெரியம்மா தன் நாற்காலிக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் தயிர்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். வலது கையால். பழைய கை இல்லை அது, நடுங்கும், பாதி வேலைதான் செய்யும். சோற்றில் தயிரைக் கவிழ்த்துப் பிசைந்தார். ஸ்டூலெல்லாம், புடவையெல்லாம் சிந்தியது. என் மனைவி உதவிக்கு எழுந்தாள், பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்துவிட்டாள். ஒரு கவளத்தை எடுத்து, ஆடி ஆடி, கார்டு ஐயாவின் வாய்க்கு நேரே கொண்டுபோனார்.

“விட்டாச்சுடி,” என்றார் அவர். சத்தமே வரவில்லை.

“எ… எதுக்கு?”

மகன் நிமிர்ந்தான். தயிர் சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

“எதுக்கு?” என்றார் பெரியம்மா மறுபடியும். அவரிடம் இருந்த நாலைந்து வார்த்தையில் அது ஒன்று.

“உன் கைக்குடி. உன் கை வரணும்னு விட்டேன். இப்பத் தின்னா, மறுபடி கை விழுந்துடும்.”

பெரியம்மா தன் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் சோறு வழிகிற அந்தக் கையை, யாருடையதோ மாதிரி, நன்றாகப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“விழட்டும்,” என்றார்.

கையை எடுக்கவில்லை. அது நடுங்கிக்கொண்டே அவர் உதட்டின் முன் நின்றது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கார்டு ஐயா வாயைத் திறந்தார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் சாதாரணம்.

மகன் ஒரு மாதம் பார்ப்போம் என்று தனியாகப் போனான். டாக்டரம்மா திட்டிக்கொண்டே மாத்திரையும் கொடுத்தார், எடுத்தவுடன் கிண்ணம் கிண்ணமாகப் போடாதீர்கள், பழக்கமில்லாத வயிறு கலவரம் பண்ணும், ஸ்பூனில் ஆரம்பியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கலவரம் பண்ணத்தான் செய்தது. மெல்ல அடங்கியது. தயிருக்குப் பின் கீரை, கீரைக்குப் பின் பயறு. ஒவ்வொன்றையும் பெரியம்மாதான் முதல் கவளம் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடமாட்டார். அந்த மாதம் முழுவதும் என் மனைவிதான் பெரியம்மாவைத் தூக்கி வைத்தாள். மழைக்காலம் முடிகிறபோது கார்டு ஐயாவின் விரல் மூடித் திறந்தது. முழுசாகச் சரியானதா? இல்லை. வயது வயதுதான். ஆனால் தூக்கினார். மாத்திரையால் இறங்கியதா, தயிரால் இறங்கியதா, மனசிலிருந்த பயம் இறங்கியதால் இறங்கியதா, எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் தெரியும் என்று சொல்லவில்லை.

பயம் உடனே போய்விடவில்லை. தினம் காலையில் எழுந்தவுடன் அவர் முதல் வேலை, பெரியம்மாவிடம் “விரலை மடக்கு பார்ப்போம்” என்பது. ஒருநாள் குளிரில் பெரியம்மாவின் கை கொஞ்சம் அதிகமாக நடுங்கிவிட்டது. அன்றைக்கு அவர் தயிரைத் தள்ளி வைத்துவிட்டு ரசத்தை எடுத்தார். பெரியம்மா அதே கையால் கரண்டியை எடுத்து அவர் மண்டையில் ஒன்று போட்டார். கார்டு ஐயா மாடிக்கு வந்து வீங்கிய இடத்தை எனக்குக் காட்டினார். “கை நல்லா இருக்கு தம்பி,” என்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வாழைக்காயையும் அவரைக்காயையும் மட்டும் கடைசிவரை தொடவில்லை. கேட்டதற்கு, “அது அப்பா அம்மாவுக்குக் கயையில விட்டது. அவங்க வந்து ஊட்டினா சாப்பிடறேன்” என்றார்.

பெரியம்மா அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்தார். பிறகு ஒரு கார்த்திகை மாதத்தில், கார்டு ஐயாவே குளிப்பாட்டித் தலை பின்னிவிட்ட ஒரு காலையில், சாமி தன்னிடம் எடுத்துக்கொண்டார். கை விழாமலே போனார். தயிர் சாப்பிட்டதால்தான் போனார் என்று ஒருவர் கோயிலில் சொன்னதாகக் கேள்விப்பட்டு, வாழ்க்கையில் நான் ஒருவரோடு சண்டை போட்டேன் என்றால் அவரோடுதான்.

கார்டு ஐயா பாஸ் எடுத்துக்கொண்டு கயைக்குப் போனார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் போன முதல் பயணம். நான் துணைக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். திரும்பி வந்த அன்று என் மனைவி சோறும் தண்டுக்கீரைக் கூட்டும் தயிரும் கொண்டுபோய் வைத்தாள். எல்லோரும் காயும் பழமும் விடுகிற அந்தக் கயை ஆலமரத்தடியில் இவர் என்னத்தை விட்டுவிட்டு வந்தாரோ, எந்தக் கிண்ணத்தைத் தள்ளப் போகிறாரோ என்று வாசலிலேயே நின்றேன்.

அவர் எல்லாவற்றையும் பரிமாறிக்கொண்டார். நான் நிற்பது எதற்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கேட்டான் தம்பி, பிண்டம் வைக்கச் சொல்ற அந்தப் பண்டா. காய் என்ன, பழம் என்ன, இலை என்ன, எதை விடறேன்னு கேட்டான். அவளையே கொண்டுவந்து விட்டுட்டு நிக்கறேன், இன்னும் என்னத்தை விடச் சொல்றேன்னேன். தமிழ்லதான் சொன்னேன். அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, சரி போன்னுட்டான்.”

சொல்லிவிட்டுத் தயிரைப் பிசைந்தார். முதல் கவளத்தை எடுத்தவர், கையை வாய்க்கருகில் கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் மகள் வந்து திருச்சிக்கு அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வெகுநாள் நடமாட்டத்தோடு இருந்தார் என்று கேள்வி.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் ஒன்றையும் சேர்க்காமல், ஒன்றையும் எடுக்காமல் சொல்லுங்கள். வாக்குக் கொடுப்பது தப்பு என்று சொல்லாதீர்கள். அவர் கொடுத்தது முழு மனசோடு. தயிரால் வாதம் தீர்ந்தது என்று சொல்லாதீர்கள், தீரவில்லை. கல்யாணப் பந்தியில் அந்த மனிதர் சொன்னார், பெரியம்மா ‘கை விழாது, பயப்படாம சாப்பிடுங்க’ என்று சொன்னதாக. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது விழாது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. விழும் என்றே நினைத்துக்கொண்டுதான் அந்தக் கையை நீட்டினார். அவர் சொன்னது ‘விழட்டும்.’ முருகன் சாட்சியாக, என் காதால் கேட்டது அது. அதை அப்படியே சொல்லுங்கள்.